சர்வர் முதலில் பேசாது: புதிதாக வருகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்கு டோக்கன் திரை செய்து கொடுத்தேன். மருத்துவர் தன் அறையில் பொத்தானை அழுத்தினால், வெளியே சுவரில் மாட்டிய திரையில் அடுத்த எண் வரவேண்டும். திரைக்குள் ஓடியது ஒரு சாதாரண பிரவுசர்தான். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலை 47 என்ற எண்ணிலேயே நின்றுவிட்டது. உள்ளே 58-ஆம் எண்காரரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். கையில் 52 வைத்திருந்த ஒரு பாட்டி அந்தத் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரை வந்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்தியிருந்தார்கள். பிழைச் செய்தி எதுவும் திரையில் இல்லை. மூலையில் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. தன் முறை போய்விட்டது என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

சர்வரில் நடப்பதை அந்தக் கணமே பிரவுசருக்குக் கொண்டுபோகும் வேலை இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முதல் வாசிப்பில் சில இடங்கள் பிடிபடாமல் போகலாம். வேலையில் இறங்கியபின் திரும்ப எடுத்துப் படியுங்கள்.

1. எச்டிடிபியின் சுபாவத்தை முதலில் மனதில் வாங்குங்கள். பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். கேட்காதவரிடம் சர்வர் பேச முடியாது. வீட்டு ரௌட்டருக்கும் அலுவலக ஃபயர்வாலுக்கும் பின்னால் இருக்கும் பிரவுசரை வெளியிலிருந்து தேடிப் பிடிக்க முகவரியே கிடையாது. எனவே இந்தத் துறையில் இதுவரை வந்த முறைகள் பெரும்பாலும் ஒரே ஏற்பாட்டின் வகைகள்தான்: பிரவுசர் கதவைத் திறக்கிறது, சர்வர் அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இது புதிய ஆசையும் அல்ல. 1995-இல் நெட்ஸ்கேப் 1.1 பிரவுசரிலேயே, முடிவில்லாமல் நீளும் ஒரே பதிலுக்குள் சர்வர் படத்துக்குமேல் படம் அனுப்பி மாற்றிக்கொண்டிருக்க வழி இருந்தது. கண்காணிப்புக் கேமராக்கள் பல இன்றும் அந்த முறையில்தான் பிரவுசருக்குப் படம் காட்டுகின்றன. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வந்தபோது, பக்கத்தைப் புதுப்பிக்காமலே சர்வரிடம் கேட்கும் எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் அதோடு வந்தது. அவுட்லுக் மின்னஞ்சலை பிரவுசரில் திறப்பதற்காக மைக்ரோசாஃப்ட் செய்தது அது. பிறகு கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேம் ஒன்றைத் திறந்து வைத்து, அதற்குள் ஸ்கிரிப்ட் துண்டுகளைச் சொட்டுச் சொட்டாக விடும் காலம் வந்தது. பக்கம் ஏறிக்கொண்டே இருப்பதாக பிரவுசரின் சக்கரம் நிற்காமல் சுற்றும். இந்த உத்திகளுக்கெல்லாம் சேர்த்து 2006-இல் அலெக்ஸ் ரஸ்ஸல் ‘காமெட்’ என்று பெயர் வைத்தார். பெயர் இன்று மறைந்துவிட்டது, ஆனால் அப்போது பட்ட சிரமங்களில் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது.

2. அடிக்கடி கேட்டுப் பார்க்கும் பழைய முறையை, போலிங்கை, கேவலமாக நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 10,000 பேர், ஐந்து வினாடிக்கு ஒரு முறை கேட்டால் வினாடிக்கு 2,000 கோரிக்கை. குக்கீயும் ஹெடர்களும் சேர்ந்து ஒவ்வொன்றும் ஒரு கிலோபைட் என்றால், ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்று சொல்லவே வினாடிக்கு 2 எம்பி செலவு. அப்படியும் செய்தி சராசரியாக இரண்டரை வினாடி தாமதமாகத்தான் வரும். பங்குச் சந்தை விலைக்கு இது உதவாது. அரை மணிக்கு ஒருமுறை மாறும் அறிவிப்புப் பலகைக்கோ, பத்துப் பேர் மட்டும் பார்க்கும் அலுவலகப் பக்கத்துக்கோ இதைவிட உறுதியான முறை இல்லை. இதில் உடைவதற்கு எதுவுமே இல்லை. ஒரு கோரிக்கை தவறினால் அடுத்தது சரிசெய்துவிடும். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பெரிய முறைகளில் நாம் கஷ்டப்பட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டியது இதைத்தான்.

3. லாங் போலிங்கில் சர்வர் உடனே பதில் சொல்லாது. செய்தி வரும்வரை கேள்வியைக் கையில் வைத்திருக்கும். செய்தி வந்ததும் பதில் போகும், பிரவுசர் உடனே அடுத்த கேள்வியை அனுப்பும். இதன் சிக்கல்களை 2011 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6202 நன்றாக எழுதி வைத்திருக்கிறது. பொதுவாக முப்பது வினாடிதான் பாதுகாப்பான அளவு என்கிறது அது. செய்தி வராவிட்டாலும் அதற்குள் வெறும் பதிலை அனுப்பிவிடுங்கள்.

பதில் போனதற்கும் அடுத்த கேள்வி வருவதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. மொபைல் நெட்வொர்க்கில் அது அரை வினாடிகூட ஆகும். அந்த நேரத்தில் பிறக்கும் செய்தி யாரிடம் போகும்? பிடித்து வைத்த கேள்வி எதுவும் கையில் இல்லையே. புதியவர்கள் எழுதும் நிரலில் செய்தி காணாமல்போவது பெரும்பாலும் இங்கேதான். சோதனையில் இது தெரியாது, ஏனென்றால் நாம் ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் அனுப்பிப் பார்ப்போம்.

4. ஆகையால் ஒவ்வொரு செய்திக்கும் எண் கொடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவரிசையில் எண். கடைசி ஐந்நூறோ ஆயிரமோ செய்திகளை சர்வர் வைத்திருக்கட்டும். பிரவுசர் ஒவ்வொரு முறை இணையும்போதும் ‘118 வரை பார்த்துவிட்டேன்’ என்று சொல்லட்டும். சர்வர் 119-லிருந்து கொடுக்கும். கையிருப்பில் இருப்பதைவிடப் பழைய எண்ணைப் பிரவுசர் சொன்னால், விட்டதை ஒவ்வொன்றாகக் கொடுக்க முயலாமல் இன்றைய முழு நிலையையும் ஒரே தடவையில் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே பார்த்த எண் மறுபடி வந்தால் பிரவுசர் அதைப் பேசாமல் ஒதுக்கிவிட வேண்டும். இந்த மூன்று விதியும் இருந்தால் கீழே ஓடுவது லாங் போலிங்கா வெப்சாக்கெட்டா என்பது இரண்டாம் பட்சம். இவை இல்லாமல் எவ்வளவு நவீனமான வழியை எடுத்தாலும், இணைப்பு அறுந்த ஒவ்வொரு தடவையும் எதையோ இழந்துகொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. முடிந்த இடத்தில் மாற்றத்தை அனுப்பாமல் நிலையை அனுப்புங்கள். ‘ஒன்று கூட்டு’ என்று டோக்கன் திரைக்குச் சொன்னால், ஒரு செய்தி தவறினாலும் அன்று முழுவதும் திரை ஒன்று பின்தங்கியே இருக்கும். ‘இப்போது 58’ என்று சொன்னால் எத்தனை செய்தி தவறியிருந்தாலும் அடுத்த செய்தியில் சரியாகிவிடும். அரட்டையில் இப்படிச் செய்ய முடியாது, அங்கே ஒவ்வொரு வரியும் தனித்தனிச் செய்தி. விலை, எண்ணிக்கை, வண்டி இருக்கும் இடம், ஸ்கோர் எல்லாம் நிலையாகவே போகலாம்.

5. செய்தி ஒரு பக்கமாக மட்டும், சர்வரிலிருந்து பிரவுசருக்கு மட்டும் போவதென்றால் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போதும். 2004-இல் இயன் ஹிக்ஸன் முன்வைத்த யோசனை இது. 2006-இல் ஓப்பரா சோதனையாகச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண எச்டிடிபி பதில்தான், ஆனால் முடிவதில்லை. ஒவ்வொரு செய்தியும் சில வரிகள், பிறகு ஒரு வெற்று வரி. யுடிஎஃப்-8 எழுத்து மட்டும்தான் போகும், படமோ ஒலியோ நேரடியாகப் போகாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நான் மேலே சொன்ன எண் முறை தரத்துக்குள்ளேயே இருப்பது. செய்தியோடு ஐடி அனுப்பினால், இணைப்பு அறுந்து பிரவுசர் தானாகத் திரும்ப இணையும்போது லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி என்ற ஹெடரில் அதைச் சொல்லிவிடும். மறு இணைப்புக்கு நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. இனி வரவேண்டாம் என்று சொல்ல 204 பதில் கொடுத்தால் போதும். ஐடியைப் படித்து, விட்டதை எடுத்துக் கொடுக்கும் சர்வர் பக்க வேலை மட்டும் உங்களுடையது. அதைச் செய்யாமல் ‘தானாக இணைகிறதே’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. எச்டிடிபி 1.1-இல் ஒரே தளத்துக்கு பிரவுசர் ஆறு இணைப்புக்குமேல் திறக்காது. 1999-இன் ஆர்எஃப்சி 2616 இரண்டுக்குமேல் வேண்டாம் என்றே சொல்லியிருந்தது. 2014-இல் அந்த எண்ணை நீக்கினார்கள், ஆனால் பிரவுசர்கள் ஆறில் நின்றுகொண்டன. ஒருவர் உங்கள் தளத்தை ஆறு டேப்பில் திறந்து, ஒவ்வொன்றும் ஒரு செய்தி இணைப்பைப் பிடித்துக்கொண்டால், ஏழாவது டேப் வெள்ளையாக நிற்கும். படம்கூட ஏறாது. ‘உங்கள் தளம் சில நேரம் திறப்பதே இல்லை’ என்று வாடிக்கையாளர் சொல்லும் புகாரின் பின்னால் இது இருக்கலாம். எச்டிடிபி 2-க்கு மாறினால் ஒரே இணைப்புக்குள் வழக்கமாக நூறு ஓடைகள் போகும், தொல்லை தீரும். மாற முடியாத இடத்தில் ஒரு டேப் மட்டும் இணைப்பை வைத்துக்கொண்டு மற்ற டேப்புகளுக்கு பிராட்காஸ்ட்சேனல் வழியாகப் பகிரட்டும்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸைக் கடைசிவரை ஏற்கவே இல்லை. இந்த முறை பல வருடம் கவனிக்கப்படாமல் கிடந்ததற்கு அது ஒரு காரணம். இன்று அந்தத் தடை இல்லை. உங்கள் தேவைகளில் பெரும்பகுதிக்கு இது போதும் என்பது என் கருத்து.

6. இரண்டு பக்கமும் ஓயாமல் பேசவேண்டிய இடத்தில் வெப்சாக்கெட்டை எடுங்கள். அரட்டை, பலர் சேர்ந்து எழுதும் ஆவணம், விளையாட்டு ஆகியவற்றுக்கு அதுதான் சரி. எச்டிடிபி கோரிக்கையாகத் தொடங்கும், சர்வர் 101 என்று பதில் சொன்னதும் அதே டிசிபி இணைப்பில் வேறு மொழி பேசத் தொடங்கும். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 ஆக நிலைபெற்றது.

அதற்கு ஒரு வருடம் முன்பு நடந்ததைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 முடிவில் சில ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வலையமைப்பின் நடுவே, யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ப்ராக்ஸிகள் சில, வெப்சாக்கெட்டில் போகும் தரவை எச்டிடிபி கோரிக்கை என்று தவறாக எடுத்துக்கொண்டன. தாக்குபவர் தன் தரவைக் கோரிக்கை போலவே வடிவமைத்து அனுப்பினால், அந்த ப்ராக்ஸி வேறொரு தளத்தின் ஸ்கிரிப்ட் என்று நம்பி, தாக்குபவரின் ஸ்கிரிப்டைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அதே ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் அது போய்ச்சேரும். இது வெளியானதும் ஃபயர்ஃபாக்ஸும் ஓப்பராவும் வெப்சாக்கெட்டை அணைத்து வைத்தன. அதன் பிறகுதான் பிரவுசரிலிருந்து போகும் ஒவ்வொரு துண்டையும் நான்கு பைட் தற்செயல் சாவியால் கலைத்து அனுப்பவேண்டும் என்ற விதி வந்தது. இந்த மாஸ்கிங் ரகசியம் காக்க வந்ததல்ல. நடுவில் இருப்பவர் தவறாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ரகசியத்துக்கு டபிள்யூஎஸ்எஸ் இருக்கிறது. அதை மட்டுமே பயன்படுத்துங்கள். முழுக்கக் குறியாக்கம் செய்த இணைப்பின் உள்ளே ப்ராக்ஸி மூக்கை நுழைக்க முடியாது என்பதால் வழியில் அறுவதும் குறையும்.

வெப்சாக்கெட் தானாக மறுபடி இணையாது, விட்ட செய்தியைக் கேட்காது. இரண்டும் உங்கள் வேலை. வேறு தளத்தின் பக்கமும் உங்கள் சர்வருக்கு வெப்சாக்கெட் திறக்கலாம், பயனரின் குக்கீயும் கூடவே போகக்கூடும். ஆரிஜின் ஹெடரைப் பார்த்து, உங்கள் தளம் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். இதை மறந்த தளங்களில் அடுத்தவர் உரையாடலை ஒட்டுக்கேட்க முடிந்திருக்கிறது.

7. உங்கள் மடிக்கணினியில் ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், அங்கே நடுவில் யாரும் இல்லை. உண்மையான சர்வரில் பெரும்பாலும் எஞ்சின்எக்ஸ் ப்ராக்ஸியாக முன்னால் நிற்கும். வழக்கமான அமைப்பில் அது அறுபது வினாடி பின்னாலிருந்து எதுவும் வராவிட்டால் இணைப்பை வெட்டிவிடும். அதோடு பதிலைத் தன்னிடம் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் பழக்கமும் உண்டு. ‘செய்திகள் ஒரு நிமிடம் வருவதில்லை, பிறகு இருபது ஒன்றாகக் கொட்டுகின்றன’ என்றால் பஃபரிங்தான் என்று உடனே சந்தேகப்படுங்கள். பதிலில் எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங்: நோ என்ற ஹெடரைச் சேருங்கள். ஜிஜிப் சுருக்கமும் இதே வேலையைச் செய்யும், இந்தப் பாதைக்கு அதை அணைத்துவிடுங்கள்.

8. இதயத் துடிப்பு வையுங்கள். அந்த மருத்துவமனைக்கு இப்போது திரும்புவோம்.

அன்று காலை எண்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஒரு ரௌட்டரை யாரோ அணைத்துப் போட்டார்கள். தன் வழியாக ஓடிய இணைப்புகளை அது மறந்துவிட்டது. சர்வர் அனுப்பிய 48 எங்கும் போய்ச் சேரவில்லை. சர்வரில் டிசிபி திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. லினக்ஸில் அது கைவிடக் கால் மணி நேரம் ஆகும். பிரவுசர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அது காத்திருக்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்பவில்லை. எதையும் அனுப்பாதவருக்கு இணைப்பு செத்தது தெரிய வழியே இல்லை. டிசிபியின் சொந்தச் சோதனை இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸில் அதைத் தனியாக இயக்கினால்தான் ஓடும், இயக்கினாலும் முதல் சோதனை இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

பதினைந்து இருபது வினாடிக்கு ஒருமுறை சர்வர் எதையாவது அனுப்பவேண்டும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எஞ்சின்எக்ஸின் அறுபது வினாடிக் கத்தியிலிருந்தும் அது காப்பாற்றும். ஆனால் பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸில் துடிப்புக்காக அனுப்பும் குறிப்பு வரி உங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்து சேராது, பிரவுசரே அதை விழுங்கிவிடும். வெப்சாக்கெட்டின் பிங்குக்கும் பிரவுசரே பதில் சொல்லிவிடும், பக்கத்துக்குத் தெரியாது. இவை வழியைத் திறந்து வைக்க உதவும். ஆனால் வழி செத்துவிட்டதைப் பக்கம் தெரிந்துகொள்ள உதவாது. அதற்கு உண்மையான செய்தியாகவே துடிப்பை அனுப்புங்கள். கடைசித் துடிப்பு வந்து நாற்பத்தைந்து வினாடி ஆகிவிட்டால் பக்கமே இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கட்டும்.

அந்த நேரத்தில் திரையிலும் உண்மையைச் சொல்லுங்கள். ‘தொடர்பு இல்லை, கவுன்டரில் கேட்கவும்’ என்று பெரிய எழுத்தில் வந்திருந்தால் அந்தப் பாட்டி எழுந்துபோய்க் கேட்டிருப்பார். பழைய எண்ணைப் புதியதுபோலக் காட்டிக்கொண்டிருப்பதைவிட வெற்றுத் திரை மேல்.

9. அறுந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்ப வருவார்கள். சர்வரை நிறுத்தி ஏற்றினால், அதிலிருந்த 20,000 பேரும் ஒரு வினாடிக்குப் பின் சேர்ந்து கதவைத் தட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கல், லாகின் சோதனை, விட்ட செய்தியைத் தேடும் டேட்டாபேஸ் கேள்வி. எழுந்த சர்வர் திரும்ப விழும், மறுபடி எல்லோரும் ஒன்றாக வருவார்கள். எனவே காத்திருப்பை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று முப்பது வினாடி வரை வளர்த்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு தடவையும் அதற்குள் தற்செயலாக ஒரு நேரத்தை எடுங்கள். இரட்டிப்பது மட்டும் போதாது, கூட்டம் அப்படியே கூட்டமாக நகரும். தற்செயல்தான் கூட்டத்தைக் கலைக்கும்.

10. திறந்த இணைப்பு ஒவ்வொன்றுக்கும் சர்வரில் இடம் வேண்டும். ஒரே இயந்திரத்தில் பத்தாயிரம் பேரை எப்படித் தாங்குவது என்று டான் கெகல் 1999-இல் கேட்ட கேள்விக்கு லினக்ஸின் ஈபோல், எஞ்சின்எக்ஸ், 2009-இல் வந்த நோட்.ஜேஎஸ் எல்லாம் விடை கண்டுவிட்டன. ஆனால் ஒரு ப்ராசஸ் 1,024 கோப்புக்குமேல் திறக்கக் கூடாது என்ற பழைய வரம்பு பல லினக்ஸ் இயந்திரங்களில் அப்படியே கிடக்கும். முதல் கூட்டம் வரும் நாளில்தான் அது முகம் காட்டும், முன்பே உயர்த்தி வையுங்கள். மெதுவான இணைப்பில் இருப்பவருக்காகச் செய்திகளை அளவில்லாமல் நினைவகத்தில் அடுக்காதீர்கள். ஒரு வரம்பு தாண்டினால் துண்டித்துவிடுங்கள், எண் முறை இருப்பதால் திரும்ப வந்து விட்டதை வாங்கிக்கொள்வார். சர்வர்கள் பல என்றால் நடுவே ரெடிஸ் பப்/சப் வைப்பார்கள். அது எதையும் சேமிக்காது, அந்த நேரம் கேட்காதவருக்கு இல்லை என்றுதான் அர்த்தம். சேமிப்பை வேறு இடத்தில் வையுங்கள்.

11. பார்க்காத டேப்பில் உங்கள் டைமரை நம்பாதீர்கள். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்குமேல் மறைந்திருக்கும் பக்கத்தில் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். கைபேசியில் பக்கம் முழுக்கவே உறங்கிவிடும். பயனர் திரும்பி வந்த கணத்தை விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வில் பிடித்து, அப்போதே கடைசி எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். டேப்பையே மூடியவருக்குச் செய்தி போகவேண்டும் என்றால் அது வெப் புஷ், வேறு ஏற்பாடு. எச்டிடிபி 2-இன் சர்வர் புஷ் என்று ஒன்று இருந்தது. கோப்புகளை முன்கூட்டியே அனுப்ப வந்த அதற்கும் நம் வேலைக்கும் சம்பந்தமில்லை. குரோம் 2022-இல் அதை நீக்கியும்விட்டது.

12. நாளை வேலைக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். நீங்கள் எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே இருக்கும் ரௌட்டரின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். வைஃபையை அணைப்பது போதாது, அதை பிரவுசர் கண்டுபிடித்துவிடும். மூன்று நிமிடத்தில் சர்வரில் ஐந்து செய்திகளை உருவாக்குங்கள். மின்சாரத்தைத் திரும்பக் கொடுங்கள். ரெஃப்ரெஷ் பொத்தானைத் தொடாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். ஐந்தும் வரிசையாக, ஒருமுறை மட்டும் வந்தால் வாடிக்கையாளரிடம் கொடுக்கலாம். நான்குதான் வந்தால் கொடுக்காதீர்கள்.